சுவரில் இரண்டு தட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் திருவண்ணாமலையில் பேருந்தை விட்டு இறங்கினேன். கைக்கடிகாரத்தை முன்னமே இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தாயிற்று. பினாங்கில் இந்நேரம் அலுவலகத்தில் முதல் தேநீர் முடிந்திருக்கும்.

மலை எதிரிலேயே நின்றது. எங்கள் ஊரிலும் ஒரு மலை உண்டு. அதன்மேல் ரயில் ஏறுகிறது. ஏறியவர்கள் உச்சியில் ஐஸ் கச்சாங் என்ற பனித்துருவல் இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். இங்கே மலையை யாரும் தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லை. சுற்றி மட்டும் வருகிறார்கள், பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலில்.

ஆட்டோக்காரரின் பெயர் சலீம். நரைத்த தாடி, காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் குறைவு.

"எங்க போணும் மேடம்?"

"செங்கம் ரோடு. ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து."

"மேடம் சிலோனா?"

"மலேசியா. பினாங்கு."

"அதான் பாத்தேன். தமிழ் கரெக்டாதான் பேசறீங்க, ஆனா எங்கியோ ராகம் மாறுது. தியானமா, கிரிவலமா?"

"ஆபீஸ் வேலை."

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஆபீஸ் வேலையா? இந்த ஊருக்கா?" அந்த ஒரு நொடியில் ஆட்டோ ஒரு பூ வண்டியை உரசியது. கால் கிலோ சாமந்தியாவது என் மடியில் வந்து விழுந்திருக்கும். பூக்காரம்மா திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. சலீம் நிதானமாக என் மடியிலிருந்து பூவை அள்ளித் திருப்பிக் கொடுத்தார். "கோச்சிக்காதம்மா, மலேசியா பார்ட்டி" என்றார், குற்றம் என்னுடையது என்பது போல.

அலுவலக வேலை இதுதான். கணினி நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு எடிட்டரை எங்கள் நிறுவனம் தயாரிக்கிறது. வெளியே போகும் முன் அதைச் சோதித்துப் பார்க்கும் பிரிவுக்கு நான் தலைவி. இரண்டு மாதத்துக்கு முன் வந்த புதுப் பதிப்பில் ஒரு பிழை இருப்பதாக, சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் மூன்று முறை புகார் எழுதினார். மூன்று முறையும் நானே சோதித்தேன். பிழை வரவில்லை. மூன்று முறையும் 'இங்கே நிகழவில்லை' என்று எழுதி மூடினேன்.

பிறகு அவருடைய நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. "ஒருவரை அனுப்பி நேரில் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் குறை எங்கள் ஆளிடம்தான் என்று எழுதிக் கொடுங்கள்; அவரைத் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம்." அடுத்த திருத்தங்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை பினாங்கு நேரம் மாலை ஐந்துக்கு மூடப்படும். இங்கே அது பிற்பகல் இரண்டரை. அதற்குள் நான் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். திருத்தம் திங்கட்கிழமை வெளியாகும், அல்லது ஒரு மனிதர் திங்கட்கிழமையிலிருந்து போன் எடுப்பார்.

உண்மையைச் சொன்னால், எந்த அறிக்கையை எழுதப்போகிறேன் என்று விமானத்திலேயே எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன்.

காலை உணவு விடுதிச் சந்து முனை மெஸ்ஸில். பொங்கல், அதன் பக்கத்தில் வடகறி. வடையை உடைத்துக் குழம்பில் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் வாய்க்குப் பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு சலீம் என்னை அடி அண்ணாமலைக்கு அழைத்துப் போனார். மலையைச் சுற்றும் பாதையிலேயே உள்ள கிராமம். வழியெல்லாம் நெல்வயல், நடுநடுவே காவி வேட்டிக்காரர்கள், சைக்கிளில் போகும் ஐரோப்பியர்கள்.

புகார் எழுதிய ஏழுமலையின் வீடு (அவர் உண்மைப் பெயர் அதுவல்ல, காரணம் பின்னால் வரும்) பாதையை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் தகரக் கொட்டகையில் டிபன் கடை. அதை நடத்துவது அவர் மனைவி தனம். கடைக்குப் பின்னால், ஒரே சுவர் தள்ளி, அவர் வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்யும் அறை.

"வாங்க மேடம், வாங்க. உள்ள இருக்காரு" என்றார் தனம், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் சாத்தியிருந்தது, விளக்கு எரியவில்லை. யாரும் இல்லை என்று எண்ணித் திரும்பப் போனேன்.

"உக்காருங்க மேடம். நாற்காலி உங்க வலது பக்கம். லைட்டு போடட்டுமா? எனக்கு மறந்துடுது."

விளக்கு எரிந்ததும் முப்பத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவர், அயர்ன் செய்த சட்டையோடு, முகம் நிறையச் சிரிப்போடு. அவர் முன்னால் மடிக்கணினி. அதன் திரை முழுக் கறுப்பு. நின்றுபோன கணினி என்று நினைத்தேன். அவர் விசையைத் தட்டினார். கடுகு வெடிப்பது போல் படபடவென்று ஒரு சத்தம் அறையில் தெறித்தது.

"ஏதோ பழுது" என்றேன்.

"பழுதில்ல மேடம், இங்கிலீஷு. ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிருக்கேன்."

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். நான் பல ஆண்டுகளாக அதை வைத்து எடிட்டரைச் சோதித்து வருகிறேன். அது செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாகப் பேசும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வேகத்தில் ஒரு மனிதர் அதைக் கேட்டுப் புரிந்துகொள்வார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திரை ஏன் கறுப்பு என்று கேட்டேன்.

"வெளிச்சத்த பூரா கம்மி பண்ணிட்டேன். பாட்டரி மிச்சம். எனக்கு எதுக்கு அது?"

நான் பார்ப்பதற்காகத் திரையை ஒளிரவிட்டு, பேச்சின் வேகத்தையும் குறைத்து, பிழையைக் காட்டினார். நிரலில் தவறு தேடுகிறவர்கள் சந்தேகமான வரியில் ஒரு குறி வைப்பார்கள். நிரல் ஓடிவந்து அந்த வரியில் நிற்கும். கண் உள்ளவர்களுக்கு அந்த வரியின்மேல் ஒரு மஞ்சள் பட்டை விழும். கண் இல்லாதவருக்கு, இத்தனையாவது வரியில் நின்றது, இன்ன மதிப்பு இருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடர் சொல்ல வேண்டும்.

ஓட்டினார். மஞ்சள் பட்டை விழுந்தது, நான் பார்த்தேன். ஸ்கிரீன் ரீடர் வாயைத் திறக்கவில்லை. அம்பு விசைகளை அழுத்தினார். சத்தமில்லை. கடைப்பக்கம் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது.

"இப்ப நிரல் எங்க நிக்குதுனே எனக்குத் தெரியாது மேடம். நடு ரோட்ல பஸ்ஸ நிறுத்தி, டிரைவர் எறங்கிப் போயிட்ட மாதிரி."

நான் என் கணினியைத் திறந்தேன். அதே பதிப்பு. என் சோதனைத் தாளை எடுத்து, அதிலுள்ள ஏழு படிகளையும் ஒவ்வொன்றாகச் செய்தேன். மஞ்சள் பட்டை விழுந்தது. ஸ்கிரீன் ரீடர் தெளிவாக வரி எண்ணைச் சொன்னது.

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. கையை நீட்டி, என் கணினியின் ஒலி வரும் இடத்தைத் தேடி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "இன்னொரு வாட்டி ஓட்டுங்க." ஓட்டினேன், முதல் படியிலிருந்து. பேசியது.

"பேசுதே" என்றார். கையை எடுத்துக்கொண்டார்.

நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்: '10.25. அவர் கணினியில் பிழை உண்டு. என் கணினியில் இல்லை. ஆகவே அவர் கணினியைச் சேர்ந்தது.' எழுதும்போது மனம் சுத்தமாக இருந்தது. புறப்படும்போது அவர் கேட்டார்:

"போன் எடுக்கறது கேவலமான வேலையில்ல மேடம். ஆனா கண்ணு தெரியாதவன்னா அதத்தான் குடுக்கறாங்க. எங்க செட்டுல ஏழு பேரு கம்ப்யூட்டர் படிச்சோம். ஆறு பேரு போன் எடுக்கறாங்க. கோடு எழுதறது நான் ஒருத்தன்தான். நீங்க எழுதப்போறது அதப் பத்திதான், இல்லியா?"

"நான் பார்த்ததை எழுதுவேன்" என்றேன்.

அன்று பிற்பகல் அவருடைய நிறுவனம் அனுப்பியிருந்த வேலைக் குறிப்புகளைப் படித்தேன். அங்கேதான் உறுத்தியது. அவர் வேகம் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. நாளுக்கு முப்பது, நாற்பது தடவை நிரலை நிறுத்தித் தவறு கண்டுபிடித்திருக்கிறார். நிரல் எங்கே நிற்கிறது என்றே தெரியாதவர் அதை எப்படிச் செய்தார்? கணக்கு சரியாக வராத எதையும் நான் விட்டதில்லை. என் கணவர் இதை ஒரு வியாதி என்பார்.

வியாழக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் பத்து மணிக்கே போய்விட்டேன். நேராக உள்ளே போவது மரியாதையாக இராது என்று கடைப் பலகையில் உட்கார்ந்து போண்டாவும் டீயும் கேட்டேன். பினாங்கில் போண்டா பஞ்சு போல இருக்கும். இங்கே அதற்குள் மிளகு முழுதாகக் கிடக்கிறது, கடித்தால் திருப்பிக் கடிக்கிறது.

பின்சுவரில் இரண்டு தட்டு கேட்டது. டக், டக். தனம் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார். கால் நிமிடத்தில் திரும்பி வந்தார். தண்ணீர் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு போண்டா தின்பதற்குள் இதே போல நான்கு தடவை. ஒரு மனிதர் பன்னிரண்டு நிமிடத்தில் நான்கு முறை தண்ணீர் குடிக்கமாட்டார்.

"என்னா, உடம்பு சரியில்லையா அவருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கு? அவருக்கா? கல்லு மாதிரி இருக்காரு." தனம் அந்தப் பேச்சை அப்படியே போண்டா மாவுக்குள் அமுக்கிவிட்டார்.

ஐந்தாம் முறை சுவர் தட்டியபோது நானும் எழுந்து அவர் பின்னால் போனேன். இப்படி நான் எங்கும் செய்ததில்லை.

மேசைமேல், புதன்கிழமை நான் பார்க்காத ஒரு பொருள் இருந்தது. ஒரு மவுஸ். பார்வையற்றவரின் மேசையில் மவுஸ்! அதன் இடது பொத்தான்மேல் கடலை மாவு அடுக்கடுக்காகக் காய்ந்து ஒட்டியிருந்தது. தனம் குனிந்து திரையை ஒரு பார்வை பார்த்தார், மவுஸை நகர்த்தினார், ஒரு அமுக்கு அமுக்கினார். ஸ்கிரீன் ரீடர் கடுகு வெடித்தது.

"அடுத்த வாட்டி போண்டா வேவும்போது கூப்டாத. கருகுனா உன் ஆபீஸா திங்கும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

கை மாவோடு அப்படியே நின்றார். ஏழுமலைக்கு மௌனத்திலிருந்தே புரிந்துவிட்டது. "மேடமா?" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்த்த எல்லாப் பிழைகளிலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை: எங்கள் எடிட்டர் ஓடுவதற்கு ஒரு பெண் போண்டா சுடுவதை நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது.

"எத்தனை நாளாக?"

"ரெண்டு மாசம்" என்றார் தனம். "ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி. மஞ்சப் பட்ட வந்து நிக்கும். பக்கத்துல வெள்ள எடத்துல ஒரு அமுக்கு. அவ்ளோதான், அது பேச ஆரம்பிச்சிடும்."

"புகாரில் இதை எழுதவே இல்லையே! மவுஸால் கிளிக் செய்தால் பேசுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்."

"எப்டி எழுதறது மேடம்?" ஏழுமலையின் குரல் தாழ்ந்தது. "ஆபீஸ் ரூல் இருக்குது. என் ஸ்கிரீன வேற யாரும் பாக்கக்கூடாது. வீட்டு ஆளுங்ககூட. அதுல பேங்க் கஸ்டமருங்க விவரம் இருக்குது. மவுஸ்ல அமுக்கினா பேசுதுனு எழுதினா, அமுக்கினது யாருனு கேப்பாங்க. நான் அமுக்க முடியாதுனு அவங்களுக்குத் தெரியும்."

ஸ்கிரீன் ரீடரிலேயே கிளிக் செய்ய ஒரு விசை இருக்கிறதே என்றேன். முதல் நாளே முயன்றாராம். எந்த இடத்தில் அமுக்குவது என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிந்தால்தான் அந்த விசை பயன்படும். எங்கள் புதுப் பதிப்பில் அந்த இடத்தையே அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதுல என்னா எழுதியிருக்குனு எனக்குத் தெரியுமா என்னா?" என்றார் தனம். "இங்கிலீஷு எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி. ஆனா ரூல்னா ரூல்தானாம். இவர்தான் சொன்னாரு. சொல்லிட்டு இவரேதான் செவுத்தத் தட்னாரு."

"மேடம், பிழைய எழுதுங்க, எழுதாம போங்க. இவ வந்தத மட்டும் எழுதாதீங்க. எழுதினா போன் வேலகூட இருக்காது."

நான் பார்த்ததை எழுதுவேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். அப்படியே வெளியே வந்துவிட்டேன். டீக்குக் காசு கொடுக்க மறந்ததைப் பாதி வழியில்தான் உணர்ந்தேன்.

(ஏழுமலை இப்போது வேறு நிறுவனத்தில், வேறு வேலையில் இருக்கிறார். கணவன் மனைவி இருவரும் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேறு.)

மாலை நாலு மணிக்கு செங்கம் சாலைக் காபி கடை ஒன்றில் இஞ்சி எலுமிச்சை டீ வாங்கிக்கொண்டு, முளைகட்டிய பயறு தின்கிற வெளிநாட்டவர்கள் நடுவே உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் ஒவ்வொரு வருஷமும் இங்கே வருவதே மௌனத்துக்காகத்தான். வேறெங்கும் கிடைப்பதில்லை." என் டீ ஆறிப்போனது. அடி அண்ணாமலைக்கு நாங்கள் அனுப்பிவைத்த மௌனம் அவளுக்குத் தெரியாது.

அறைக்கு வந்து சோதனைத் தாளை எடுத்தேன். ஏழு படிகள். பல ஆண்டுகளாக எனக்கு மனப்பாடம் என்பதால் நான் அதைப் படிப்பதே இல்லை. இன்று படித்தேன்.

'படி ஒன்று: நிரல் பகுதியில் மவுஸால் கிளிக் செய்யவும்.'

வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

ஸ்கிரீன் ரீடர் சோதனை. கண் தெரியாதவர்களுக்கான சோதனை. அதன் முதல் வரி, கண் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம். எழுதியது நான். என் பிரிவில் உள்ள அத்தனை ஸ்கிரீன் ரீடர் தாள்களும் இதைப் பார்த்து நகலெடுத்தவை. நான் மூன்று முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பளிச்சென்று ஒளிரும் திரையைப் பார்த்தபடி, ஒரு கிளிக் செய்து, 'பேசுகிறதே' என்று எழுதி மூடியிருக்கிறேன். அவர் சொல்ல முடியாமல் விட்டது ஒரு கிளிக். நான் செய்கிறேன் என்றே அறியாமல் செய்ததும் அதே கிளிக்.

மவுஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். விடுதித் துண்டைத் திரைமேல் போர்த்தினேன். விசைகளால் மட்டும் நிரலை ஓட்டினேன். சத்தமில்லை. மறுபடி ஓட்டினேன். சத்தமில்லை. மவுஸை எடுத்து ஒரு கிளிக் செய்து ஓட்டினேன், பேசியது. அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி ஊமை. ஒரு கிளிக்குக்கு ஒரு ஓட்டம். பத்துத் தடவை செய்து பத்தையும் எழுதி வைத்தேன். நடுவில் ஒருமுறை துண்டை எடுக்காமல் ஏதோ ஒரு பட்டியலுக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வரும் வழி தெரியாமல் இருபது நிமிடம் தவித்தேன். அது நானே சோதித்துச் சரி என்று கையெழுத்திட்ட பட்டியல்.

இருட்டுவதற்குள் அறிக்கை முடிந்தது. ஆனால் அனுப்பவில்லை. ஒரு மனிதரைப் பற்றிய அறிக்கையை அவருக்கு நேரில் காட்டாமல் நான் அனுப்புவதில்லை.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. இதை நான் நாள்காட்டியில் பார்த்திருந்தேன். அதன் பொருள்தான் தெரிந்திருக்கவில்லை. எட்டு மணிக்கு சலீமை அழைத்தேன். மூன்றாம் முறைதான் இணைப்பு கிடைத்தது.

"மேடம், இன்னிக்கு ஆட்டோவா? போலீஸ் எல்லா எடத்துலயும் தடுப்பு போட்டுட்டான். ஜனம் வந்துனே இருக்குது. போன்கூட வேல செய்யாது பாருங்க இன்னும் ஒரு மணி நேரத்துல. நடந்துடுங்க. புண்ணியம் ஜாஸ்தி."

சாலைக்கு வந்ததும் திகைத்து நின்றேன். சாலையே தெரியவில்லை, தலைகள் மட்டும்தான். பினாங்கில் தைப்பூசம் பார்த்து வளர்ந்தவள் நான். கூட்டம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே கூட்டம் ஓரிடத்துக்குப் போய்ச் சேரும். இது எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அடி அண்ணாமலை கூட்டம் போகும் திசையிலேயே இருந்தது. நூறு அடி போனதும் ஒரு அம்மாள் என் காலைப் பார்த்தார். "இன்னாம்மா, ஷூவோட சுத்தற? மலேசியாவா?" எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஷூவைக் கழற்றி, பைக்குள் கணினியின் பக்கத்தில் வைத்தேன். தார்ச்சாலை சுட்டது. வழியில் யாரோ ஒருவர் கையில் ஒரு தொன்னை எலுமிச்சை சாதத்தைத் திணித்தார், நடந்துகொண்டே தின்றேன். இரண்டே கால் மணி நேரம் ஆனது. போனில் இணைப்பு செத்துவிட்டிருந்தது.

கடையில் ஜனம் மொய்த்தது. தனம் இரண்டு சட்டி வைத்திருந்தார். பின்சுவர் தட்டிக்கொண்டே இருந்தது. டக், டக். டக், டக்.

"இன்னிக்கு முடியாதுய்யா!" தனம் சுவரைப் பார்த்துக் கத்தினார். "நாப்பது பேரு நிக்கறாங்க! உன் மஞ்சப் பட்டைய கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லு!"

உள்ளே போனேன். அவருடைய நிறுவனம் எனக்குத் திரையைப் பார்க்க அனுமதி தந்திருந்தது. மவுஸைப் பிடித்து, வெள்ளை இடத்தில் ஒரு அமுக்கு. ஸ்கிரீன் ரீடர் வெடித்தது. காய்ந்த மாவு என் விரலில் உதிர்ந்தது.

"தனம்?"

"இல்லை. நான்தான்."

"ஒன்ற மணி நேரமா நின்னுனு இருந்தது மேடம்" என்றார். மனைவி வராததைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

அவர் வீட்டில் கம்பி வழி இணையம் இருந்தது. அது வேலை செய்தது. அறிக்கையை அவருக்கு அனுப்பினேன். அவர் ஸ்கிரீன் ரீடரின் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் எழுதிய மூன்று பக்கம் ஒரு நிமிடத்துக்குள் கடுகாகப் பொரிந்து முடிந்தது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் புருவம் தூக்கினார். நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் மெதுவாக மறுபடி படிக்கவிட்டார்:

'பிழை உண்மையானது. மவுஸைத் தொடாமல் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது. என் மூன்று சோதனைகளிலும் நான் முதலில் மவுஸால் கிளிக் செய்தேன். அப்படிச் செய்யச் சொல்லும் சோதனைத் தாளை எழுதியது நான். புகார் செய்தவர் கொடுத்த படிகள் முழுக்கச் சரியானவை. அவற்றை நான் அவர் செய்வது போல் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை.'

"கிளிக் பண்ணா பேசுதுனு..." என்று இழுத்தார்.

"கிளிக் செய்தது நான். அதுதான் எழுதியிருக்கிறது. அது உண்மை."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"தெரியாது" என்றேன். அதுவும் உண்மை.

பதினொன்று இருபதுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு ஐந்துக்குப் பினாங்கிலிருந்து லிம் அதே இணையம் வழியே அழைத்தார். எடிட்டரின் அந்தப் பகுதியை எழுதியவர் அவர்தான். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று தணிந்த குரலில் பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே ஒரு வரி. கிளிக் விழுந்த பிறகு பேசு என்று எழுதியிருக்கிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. பட்டியலில் சேர்த்துவிட்டேன்."

கூட்டம் சற்றுத் தணிந்ததும் தனம் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். "இன்னா எழுதிக்கீறாங்க?"

"தப்பு அவங்களுதுனு எழுதியிருக்காங்க. திங்கக்கெழம சரியாயிடுமாம்."

"என்னப் பத்தி?"

"உன்னப் பத்தி ஒரு வார்த்தகூட இல்ல."

நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். தனம் டீயை நங்கென்று மேசையில் வைத்தார். "நல்லா இருக்குது நியாயம். ரெண்டு மாசம், நாளைக்கு நாப்பது வாட்டி ஓடி ஓடி வந்து அமுக்கினது நானு. எவ்ளோ போண்டா கருகிப்போச்சு. ஒரு வார்த்த இல்லியா?"

ஏழுமலை சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. நான் கைக்குட்டையால் துடைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் அறிக்கைகளில் எதையும் விட்டதில்லை என்று பெருமைப்பட்டவள். மிகச் சரியாகச் சோதனை செய்து, நாற்பதுக்கு நாற்பது தடவை சரியான முடிவைக் கண்டவரை நான் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை புறப்பட்டேன். கூட்டம் விட்டுப்போன தொன்னைகளைத் தெருவெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சலீம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஆபீஸ் வேல முடிஞ்சுதா மேடம்?" திங்கட்கிழமைதான் தெரியும் என்றேன்.

திங்கட்கிழமை பினாங்கில் காலை முதல் வேலையாக ஒவ்வொரு சோதனைத் தாளிலும் முதல் வரியை அடித்தேன். அடித்த இடத்தில், 'மவுஸைக் கழற்றி வைக்கவும். திரையை மூடவும்' என்று எழுதினேன். மேலதிகாரியின் அறைக்கு மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு நாற்பதுக்கு ஏழுமலையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவர் அதில் ஒன்றும் பேசவில்லை. விசைகள் தட்டும் சத்தம். ஒரு நொடி இடைவெளி. பிறகு கடுகு வெடிக்கிறது. மறுபடி விசைகள், மறுபடி கடுகு. அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தனத்தின் குரல்:

"யோவ்! காலைலேருந்து ஒரு வாட்டிகூட தட்டல. உசுரோட இருக்கியா, இல்லியா?"